இஸ்திரிக்கடை அம்மாவின் நாற்பது வாக்குகள்

முப்பது ஆண்டுகள் பேருந்தில் விசில் ஊதி, ஏறியவரையும் இறங்கியவரையும் ஒரே பார்வையில் எண்ணிப் பழகிய கண்களால், இப்போது பேச்சாளர்களின் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் சிறு பங்குதாரர் சங்கத்தின் தலைவர் அவர்களே! முதல் பங்குப் பத்திரத்தைக் கையில் வாங்கிய நாளில் கருகருவென்ற முடியோடு வந்து, இன்று அந்தப் பத்திரத்தைவிட வெளுத்துப்போய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் கவலையையும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! அரை நாள் விடுப்புக்காக மேலாளரின் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டு வந்து, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தோழர்களே! நாளைக்கு என் கருத்துக்கு எதிராக வாக்களிக்கப்போகும் அன்பர்களே, ஆமாம், உங்களையும்தான் அழைக்கிறேன், உங்களைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும்! மூன்றாம் வரிசையில், கடகடவென்று சத்தம் போடும் அந்த மின்விசிறிக்கு நேர் கீழே, யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்கும், என் கூடப் பிறக்காத தங்கையின் மகளே!

உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம். தலை தாழ்ந்த என்பதை மேடை அலங்காரத்துக்காகச் சொல்வது என் வழக்கம். இன்றைக்கு அது உள்ளபடியே தாழ்ந்திருக்கிறது.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது என்ன சொன்னார்? "அடுத்து இடி முழங்கும்" என்றார். இருபது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் செயலாளராக நான் முழங்கித்தான் வந்திருக்கிறேன். ஒலிபெருக்கி கெட்டுப்போனால்கூட என் குரல் தெருமுனைத் தேநீர்க் கடை வரைக்கும் கேட்கும் என்று நீங்கள் கேலி செய்ததும் உண்டு. இன்று இடி இல்லை, ஐயா. ஒரு குற்றத்தைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஏறியிருக்கிறேன்.

என்னங்க? பின்னாடி கேட்கலையா? பாருங்க, ஆயுசுலயே முதல் தடவையா என் குரல் கேட்கலைன்னு ஒருத்தர் சொல்றாரு! மைக்கைக் கொஞ்சம் பக்கத்துல இழுத்துக்கறேன். இப்ப கேட்குதா? சரி.

நாளைக் காலை பத்து மணிக்கு நம் பிளாஸ்க் கம்பெனியின் பொதுக்கூட்டம். ஒரு பெரிய நிறுவனம் நம் கம்பெனியை வாங்க வந்திருக்கிறது. விலை நல்ல விலை, பொய் சொல்லமாட்டேன். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாரம் இறங்கும் அளவுக்கு நல்ல விலை. ஆனால் ஒரு நிபந்தனை: நம் தொழிற்சாலையின் பின்கட்டில் இருக்கும் குளிர் அறையைப் பூட்டிவிட வேண்டும். அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் செய்துகொண்டிருக்கும் பெட்டி பாதியில் நிற்க வேண்டும். விற்பதா, வேண்டாமா? இதுதான் நாளைய கேள்வி.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக அந்தப் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நூறு தடவை கேட்ட கதைதான்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவரை நாம் ஐஸ்காரர் என்றுதான் அழைப்போம். பனிக்கட்டி விற்றுப் பிழைத்தவர். கடைசி வரை கடிதத்துக்குக் கீழே அந்தப் பெயரைத்தான் போட்டார். இளம் வயதில், மின்சாரம் எட்டாத ஒரு மலைக்குடியிருப்பின் சிறிய மருத்துவமனைக்கு வாரம் ஒரு முறை பனிக்கட்டி சுமந்து போவார். குழந்தைகளுக்கான ஊசி மருந்துகள் அந்தப் பனிக்கட்டியை நம்பித்தான் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் பாதை அறுந்தது. நான்காம் நாள் பனிக்கட்டி கரைந்தது. இருபத்து மூன்று குழந்தைகளுக்கு வைத்திருந்த மருந்து வீணானது. எட்டாம் நாள் இவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த மருந்தைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் மண்வெட்டியை வாங்கி வெட்டினார். அடுத்த ஆண்டு அந்தக் குடியிருப்புக்கு நோய் வந்தது. அன்றைக்கு எத்தனை குழி வெட்டினார்கள் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

அந்த மனிதர் நம்மிடம் வந்து என்ன கேட்டார்? பிளாஸ்க் செய்வோம், விற்போம், வருகிற லாபத்தைத் தொடமாட்டோம், மின்சாரமே இல்லாமல் முப்பது நாள் மருந்தைக் குளிராக வைத்திருக்கும் ஒரு பெட்டியைச் செய்து முடிப்போம் என்று கேட்டார். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டோம். தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன அந்த வாயை நம்பித்தான் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பங்கு வாங்கினோம். தையல்காரர் வாங்கினார், தபால்காரர் வாங்கினார், லாரி ஓட்டுநர் வாங்கினார், பிளாஸ்க்குகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பும் குமாஸ்தாவாக இருந்த நானும் வாங்கினேன்.

முதல் ஆண்டு அந்தப் பெட்டி இரண்டு நாள் தாங்கியது. பிறகு ஐந்து. பிறகு ஒன்பது. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் ஐஸ்காரர் பெட்டியை மேசைமீது வைத்து நம் கண்முன் முத்திரையை உடைத்துத் திறப்பார். "கைய விட்டுப் பாருங்க" என்பார். நாம் வரிசையாகப் போய்க் கையை உள்ளே விட்டுப் பார்ப்போம். வேறு எந்தக் கம்பெனியிலாவது இப்படி ஒரு வழக்கம் உண்டா? மற்ற கம்பெனிகளில் பங்குதாரருக்கு ஆண்டறிக்கை தருவார்கள், நமக்கு மட்டும் குளிர்ச்சியைத் தந்தார்கள். ஆமாம், சிரியுங்கள். நாமும் சிரித்துக்கொண்டேதான் இருபத்து நான்கு வருடம் ஓட்டினோம்.

அந்த வரிசையில் ஒரு பெண் நிற்பார். இஸ்திரிக்கடை வைத்திருந்தவர். உங்களில் பாதிப் பேர் உடுத்திய சட்டை அவர் கைபட்ட சட்டை. கணவர் இறந்தபின் அவர் பெயரில் இருந்த நாற்பது பங்கு இவருக்கு வந்தது; பங்குக்கு ஒன்றாக நாற்பது வாக்கு. என்னை அண்ணே என்று அழைப்பார். எனக்கு வேறு தங்கை இல்லை. காலை ஏழு மணிக்கு மேசைமுன் நின்றால் இருட்டும்வரை நிற்பார். இரும்பின் சூட்டில் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், ரேகையே அழிந்திருந்தது. ஒரு தடவை பெட்டிக்குள் கையை விட்டவர் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள், "என்னம்மா, உள்ளேயே குடியிருக்கப் போறியா?" என்று கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இருங்க, இன்னும் கொஞ்ச நேரம். இத்தனை வருஷத்துல இந்தக் கம்பெனி எனக்குக் குடுத்த லாபம் இது ஒண்ணுதான். அதை முழுசா வாங்கிட்டுப் போறேன்."

அரங்கமே சிரித்தது. ஐஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு வேலை கூடியது. ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளையெல்லாம் அவரே தேய்த்தார். ஒரு நாள் கடை மூடினால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும். அதனால் பொதுக்கூட்டத்துக்கு வர முடியாமல் போனது. அவருக்கு மட்டுமா? நம்மில் எத்தனை பேருக்கு வேலை நாளில் பத்து மணிக்கு வர முடியும்? அதற்காகத்தான் நாம் ஒரு வழக்கம் வைத்தோம். கூட்டத்துக்கு வர முடியாதவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை வாக்களிக்கச் சொல்லும் பதிலாள் படிவம் இருக்கிறதே, அதில் கையெழுத்தை மட்டும் போட்டு, மற்றதை வெற்றாக விட்டு, என்னிடம் கொடுத்துவிடுவது. ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டம் காலியாக இருக்கும். யார் பெயர் என்ற கோடு காலியாக இருக்கும். "செயலாளர் பார்த்துப் போட்டுக்குவாரு." இதுதான் நம் சங்கத்தின் சட்டம், சாசனம், எல்லாம்! பிளாஸ்க் அட்டைப்பெட்டி ஒன்றில் அந்தப் படிவங்களைச் சேர்த்து வைப்பேன். அந்தப் பெட்டி என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பெருமை! ஊர் முழுக்க என்னை நம்புகிறது என்ற பெருமை! நம்பிக்கை என்று நீங்கள் கொடுத்ததை நான் அதிகாரம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்க வண்டியில எத்தனையோ தடவை படியில தொங்கிக்கிட்டே வந்திருக்கேன். ஒரு தடவைகூட பாதி வழியில இறக்கி விட்டதில்லை. இன்னிக்கும் இறக்கி விட்டுடாதீங்க.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு விலை வந்தது. இதே நிபந்தனைதான். அப்போது பெட்டி பத்தொன்பது நாளில் நின்றது. வாக்கெடுப்புக்கு முந்திய நாள், பிற்பகல் நாலு மணி. தேய்த்த என் சட்டைகளை எடுத்துக்கொண்டு அந்தத் தங்கை என் வீட்டு வாசலுக்கு வந்தார். வழக்கமாகச் சட்டையைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர், அன்றைக்கு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"என் படிவம் உங்ககிட்ட இருக்குல்ல? இந்தத் தடவை வித்துடலாம்னு போட்டுடுங்க."

சட்டைகளை வாங்கித் திண்ணையில் வைத்தேன். அவர் தொடர்ந்து பேசினார்.

"பெட்டி வேணாம்னு சொல்லலைண்ணே. அந்த ஐயா தங்கமான மனுஷன். ஆனா எனக்கு நிக்க முடியலை. சாயங்காலமானா கால் ரெண்டும் வீங்கிப்போகுது. பொண்ணு வேற, வீடு கட்டறதுக்குப் படம் வரையற படிப்பு படிக்கணும்ங்கறா. பழைய பேப்பர் பூரா வீடு வீடா வரைஞ்சு வெச்சிருக்கா. எங்க வீட்டுக்கே மூணு படம் போட்டிருக்கா, மாடியோட! இந்தப் பங்கை வெளியில விக்கவும் விதி இல்லை. கம்பெனியை வித்தாத்தான் எனக்கு ஒரு வழி. இருபது வருஷம் கழிச்சு யாரோ ஒரு பிள்ளை பிழைக்கும், சரிதான். என் பிள்ளை இந்த வருஷமே படிக்கணுமே, அண்ணே?"

தாய்மார்களே, இதற்கு உங்களில் யாராவது பதில் சொல்வீர்களா? பெரியோர்களே, நீங்கள் சொல்வீர்களா? தொலைநோக்கு, தொலைநோக்கு என்று தொண்டை கிழியக் கத்திய நான், அந்த வாசற்படியில் தலையாட்டினேன். "சரிம்மா, நீ சொன்ன மாதிரியே போட்டுடறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை. அப்படியே போடத்தான் நினைத்தேன்.

மறுநாள் அவர் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். என்னிடம் அறுபத்து மூன்று வெற்றுப் படிவங்கள். மேசையோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். விற்க வேண்டாம், விற்க வேண்டாம், விற்க வேண்டாம்! அறுபத்து இரண்டு எழுதினேன். அந்த அறுபத்து இரண்டு பேரும் முடிவை என்னிடம் விட்டவர்கள்; அதுவும் தப்புத்தான், ஆனால் அந்தத் தப்பில் அவர்களுக்கும் பங்குண்டு. அறுபத்து மூன்றாவது படிவத்தில் பேனா நின்றது.

எதிரே ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மூடிமேல் கையை வைத்திருந்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதே உடம்பு சரியில்லை. இந்த மனிதருடைய இருபது வருடத்தை ஒரு கட்டத்தில் போடும் ஒரு குறியால் நான் அழிக்க வேண்டுமா என்று நினைத்தேன். நாற்பது பங்குதானே, இதனால் என்ன மாறிவிடும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டே வருடத்தில் முப்பது நாளை எட்டிவிடுவோம், அன்றைக்குத் தங்கையே எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நன்மை அவளைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எத்தனை நினைப்பு! அவள் சொன்னது என்ன என்பதை மட்டும் நினைக்கவில்லை.

"விற்க வேண்டாம்" என்ற கட்டத்தில் குறி போட்டேன். ஐஸ்காரர் கை நடுங்கியது, என் கை நடுங்கவில்லை.

முடிவு வந்தது. முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் விற்பனை தோற்றது. முப்பத்தொன்று! அந்த நாற்பதும் இங்கே குறைந்து, அவர் சொன்ன பக்கம் கூடியிருந்தால் நாம் நாற்பத்தொன்பது வாக்கில் தோற்றிருப்போம். அன்றைக்கு நீங்கள் என்னைத் தோளில் தூக்கினீர்கள். ஒலிபெருக்கி இல்லாமலே முழங்கினேன். அந்த வெற்றி திருட்டு வெற்றி. இன்று வரை அதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

என்னங்க அங்க கூச்சல்? எழுந்திருக்கறவங்க எழுந்திருங்க, திட்டறவங்க திட்டுங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா வெளிய போயிடாதீங்க. நான் இன்னும் முடிக்கலை. "யோவ், இவ்வளவு நாள் எங்கய்யா போயிருந்தே"ன்னு அந்த அண்ணன் கேட்கறாரு. அதைத்தான் அண்ணே சொல்ல வர்றேன்.

அன்று மாலை அந்தக் கடைக்குப் போனேன். முடிவு அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரும்பை நிமிர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என் ஓட்டைப் போட்டீங்களாண்ணே?"

"போட்டேன்மா."

"நான் சொன்ன மாதிரி?"

"நீ சொன்ன மாதிரியே."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். சிரித்துவிட்டு அவர் சொன்னதை இந்த மேடையில் சொல்லும் தைரியம் வர எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

"தோத்தா என்னண்ணே? நாலு பேரு சேர்ந்து எடுத்த முடிவு, அதுல நானும் ஒருத்தி. வித்துடலாம்னு நான் சொன்னதும் அந்தக் கூட்டத்துல கேட்டிருக்கும்ல? அது போதும். பொண்ணுகிட்ட சொல்லிக்குவேன், அம்மா கேட்டுப் பார்த்தேன்டின்னு."

கேட்கவில்லை, ஐயா! அந்தக் கூட்டத்தில் அது கேட்கவே இல்லை! அவருடைய குரல்வளையில் கையை வைத்து அடைத்தவன் நான். எதிர்த்து வாக்களித்துத் தோற்றேன் என்ற ஆறுதலோடு அவர் இஸ்திரிப்பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். அவர் எதிர்க்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அவரைக் கொண்டுதான் அவரை நான் தோற்கடித்தேன்.

அந்த வருடம் மகள் படிப்பை நிறுத்தினாள். கடையில் இரண்டாவது மேசை வந்தது. வீடு வரைந்த பழைய செய்தித்தாள்களெல்லாம் தேய்த்த துணி கட்டும் தாளாயின. ஒரு தடவை என் சட்டையைச் சுற்றி வந்த தாளில் மாடியோடு ஒரு வீடு இருந்தது. அதை நான் மடித்து எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கொஞ்சம் தண்ணி குடுங்க. நன்றிம்மா.

ஐஸ்காரர் படுக்கையில் விழுந்தபோது போய்ச் சொன்னேன். அவர் சாவதற்கு மூன்று மாதம் முன்னால் அது. நான் நினைத்தேன், கம்பெனிக்காகச் செய்தவன்தானே, முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று. அவர் தட்டிக்கொடுக்கவில்லை. இப்படிக் கேட்டார்.

"யாரு தம்பி, பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு எடுக்காம நின்னாங்களே, அவங்களா?"

"ஆமாங்கய்யா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்க கடைக்கு நானே போயிருப்பேனே. நின்னு பேசியிருப்பேனே. சரின்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. முடியாதுன்னு சொல்லியிருந்தா, அந்தப் பெட்டி அன்னிக்கே நின்னிருக்கும். நின்னா நின்னுட்டுப் போகுது! இன்னொரு இடத்துல, இன்னொருத்தன் மறுபடி செய்வான். இப்ப நீ என்ன பண்ணி வெச்சிருக்கே? அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு எப்பவுமே தெரியாமப் பண்ணிட்டே. போ, போய் அவங்ககிட்ட சொல்லு."

நான் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இரண்டு வருடம் போனது. வாரா வாரம் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரா வாரம் வாங்கி வந்தேன். "வாங்கண்ணே" என்று அவர் நாற்காலியைத் தட்டிப் போடுவார். வாய்வரை வரும். விழுங்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். நான்கு மாதத்துக்கு முன், ஒரு நண்பகலில், கையில் இருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சம் உட்கார்றேன்டி" என்று மகளிடம் சொன்னாராம். அவ்வளவு வருடம் நின்றவர் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தேன். இந்தப் பாவியின் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கைகள் குளிர்ந்திருந்தன.

மன்னிச்சுக்குங்க. ஒரு நிமிஷம்.

பத்து நாள் கழித்து மகள் என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, உங்க சட்டை. அம்மா தேய்ச்சு வெச்சிருந்தது" என்று கொடுத்தாள். இதோ, நான் போட்டிருக்கிறேனே, இதுதான் அந்தச் சட்டை. இத்தனை நாள் போட மனம் வரவில்லை. இன்று இதைப் போட்டுக்கொண்டுதான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன வாரம் நாளைய கூட்டத்துக்கான படிவங்களைச் சேகரித்தேன். அம்மாவின் பங்கு இப்போது மகள் பெயரில். அவளும் நம் வழக்கப்படி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "அம்மா உங்ககிட்டதானே குடுப்பாங்க, மாமா" என்றாள். வாங்கி வந்துவிட்டேன், பாருங்கள்! அப்போதும் வாங்கி வந்துவிட்டேன்! ஆறு நாள் தூக்கமில்லை. இன்று காலையில் போய், அவள் மேசைமுன் நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. இரும்பைச் சாய்த்து வைத்தாள். "எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு பார்க்கறீங்களா, மாமா?" என்று கேட்டாள். "அம்மா சொன்னது அந்தக் கூட்டத்துல கேட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்க. அது கேட்கட்டும். மேடையில சொல்லுங்க. நான் வந்து உட்கார்ந்து கேட்கறேன்" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். ஐந்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன். இந்தச் சங்கத்தின் உறுப்பினர், இஸ்திரிக்கடை அம்மா, நாற்பது பங்கு உடையவர், விற்றுவிடுங்கள் என்று சொன்னார்! எல்லோருக்கும் கேட்டதா? கதவோரம் நிற்பவர்களுக்குக் கேட்டதா? விற்றுவிடுங்கள் என்று அவர் சொன்னார். அவருக்குக் கால் வலித்தது. அவர் மகளுக்குப் படிக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டதில் தவறே இல்லை.

அன்பர்களே! இப்போது என்னைப் பார்த்து, "அப்படியென்றால் நாளைக்கு விற்றுவிடத்தானே சொல்கிறாய்?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்த மேசைமேல் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். குளிர் அறைத் தோழர்கள் இன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு நாளாக மூடியிருந்த பெட்டி. நாளை வாக்கெடுப்பு என்பதால் இன்று காலையிலேயே முத்திரையை உடைத்தார்கள். உள்ளே இன்னும் குளிர்கிறது. இன்னும் நான்கே நாள்! என்னுடைய வாக்கு நாளைக்கும் இந்தப் பெட்டிக்குத்தான். முப்பது நாள் என்பது கனவு என்று சிரித்தவர்கள் முன்னால் இருபத்தாறு நாள் வந்து நிற்கிறது. ஆனால் பத்தொன்பதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அவர் மகளின் படிப்பைத் தின்று வந்த நாள் என்பதையும் சொல்லித்தான் நான் உங்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அதை மறைத்துக் கேட்டால் நான் மறுபடியும் திருடன்.

பங்கு என்றால் என்ன? பத்திரமா? அதில் உள்ள முத்திரையா? இல்லை, ஐயா. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒருவருக்கு இருக்கும் உரிமை. அந்த உரிமை இல்லாத இடத்தில், வேண்டும் என்று நானூறு பேர் முழங்கினாலும் அதற்கு என்ன மதிப்பு? ஒரு பெட்டி மலையுச்சிக் குழந்தையைக் காப்பாற்றும் என்றால், அதை இஸ்திரிக்கடை வாசலில் நின்று சொல்ல நமக்கு வாய் இருக்க வேண்டாமா? சொல்லி, அவர் மறுத்தால், அந்த மறுப்பைத் தாங்க நெஞ்சு இருக்க வேண்டாமா? பெரிய காரியம் செய்கிறோம், பெரிய காரியம் செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே, பக்கத்தில் நிற்கிறவரைச் சிறிய ஆளாக்கிவிட்டோமே! விற்கச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். "பங்குதாரர் உரிமை" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். நல்லது. ஐந்து வருடத்துக்கு முன் உங்களில் எவராவது அந்தக் கடைக்குப் போய் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா? அவர் உங்கள் பக்கம்தான் இருந்தார். உங்களுக்கே அது தெரியவில்லை.

தலைவர் இன்னொரு சீட்டுக் கொடுக்கிறார். "போதும், உட்காருங்க" என்று எழுதியிருக்கிறார். என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார், கையெழுத்திலேயே தெரிகிறது. இதோ முடித்துவிடுகிறேன், ஐயா.

இந்த அட்டைப்பெட்டியில் எழுபத்தெட்டு வெற்றுப் படிவங்கள் இருக்கின்றன. இவற்றை நான் நாளைக்குக் கொண்டுபோகமாட்டேன். மேசைமேல் கொட்டுகிறேன். ஒவ்வொருவரும் வந்து உங்கள் கையெழுத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். நேரில் வர முடிந்தவர் வாருங்கள். வர முடியாதவர், உங்கள் கட்டத்தை உங்கள் பேனாவால் நிரப்பி, நீங்கள் நம்பும் வேறு ஒருவர் பெயரை எழுதிக் கொடுங்கள். என் பெயரை மட்டும் எழுதாதீர்கள். செயலாளர் பதவியை இந்த நொடியோடு விடுகிறேன். போகிற வழியில், விருப்பமிருந்தால், பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். விருப்பமில்லாவிட்டால் விட வேண்டாம்.

முதல் படிவத்தை எடுக்கிறேன். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அம்மாடி, வர்றியா?

வழி விடுங்க. கொஞ்சம் வழி விடுங்க அவளுக்கு.

வந்துவிட்டாள். இந்தாம்மா. இதுவும் உன்னுடையதுதான், இந்தத் தாள், மாடியோட வீடு. ரொம்ப நாளா நான் வெச்சிருந்தேன்.

வாங்கிக்கொண்டாள். படிவத்தைக் கிழிக்கிறாள். பெட்டியைப் பார்க்கிறாள். கையை உள்ளே விடவில்லை. பரவாயில்லைம்மா, விடாட்டிப் பரவாயில்லை. ஏதோ சொல்கிறாள், உங்களுக்குக் கேட்காது. மைக்கை அவளிடம் நீட்டினால் வேண்டாம் என்கிறாள். அவள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே சொல்கிறேன்:

"நாளைக்குக் கடை லீவு, மாமா. நானே வர்றேன்."

எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கல்லெறியாமல் கடைசி வரை கேட்ட உங்கள் பொறுமைக்கும், பாதி வழியில் இறக்கிவிடாத தலைவருக்கும், இனி நான் நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ எட்டாத தொலைவுக்குப் போய்விட்ட என் தங்கைக்கும், நன்றி. வணக்கம்.